மலை தந்த நீரும் மண் சுமந்த கரையும்
(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்

 

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கமைந்த இடத்தையே திருத்தலம் எனப் போற்றுதல் சைவப் பெருமக்களின் தொன்று தொட்ட வழக்கு. இம்மூன்றனுள் மூர்த்திக்கு அணி செய்வார் பலர். தலத்திற்கு மதிலும் மண்டபமும் எடுப்பாரும் உளர். தீர்த்தத்தை நினைப்பார் சிலரே. தங்கக் கலசம் பொலியும் இந்நன்னாளில் அம்மூன்றாவதனைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் பொருத்தமுடையதாகும்.

மலையும் ஏரியும் அடுத்துள்ள ஒரு சிற்றூரிற் சில நாள் தங்கி மனத்தின் களைப்பு நீங்க வேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்து மக்களிடம் மிகுந்துள்ளது. கோடை வந்துற்றால் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குச் செல்கின்றனர். அங்குள்ள ஏரியைச் சுற்றி வருகின்றனர். இறைவன் படைப்பின் எழிலை வியந்து மீள்கின்றனர். மலை இறைவன் படைப்பே. ஆயின் அந்த ஏரியோ, மதுரை ஆட்சித் தலைவராயிருந்த லெவிஞ்சு என்பவர் 1863ஆம் ஆண்டில் நீரோடையை மறித்துக் கரையிட்டு உண்டாக்கியது. கரையிட்ட கை ஒன்று இன்றேல் அங்கு ஏரி இல்லை. இச்சிறு செய்தியை அன்பர்கள் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, மலை வளமும் ஆற்று வளமும் நிறைந்த மேற்றிசையிலிருந்து இராமநாதபுரச் சீமைக்கு வரும் அடியார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் இராமநாதபுரத்தில் இறங்கி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவுத்தரகோசமங்கைக்குச் செல்கின்றார். வழி நெடுகப் பனைகள். கண்ணுக்கெட்டிய தூரம் சமநிலம். மலை என்று சுட்டத்தக்க ஒரு குன்று தானும் இல்லை. சித்திரை வைகாசியில் வருவாராயின், வெடித்த கண்மாய்த் தரையில் ஆடுகள் மேய்வதைக் காண்பார். 'இவ்வறண்ட நிலத்திலோ மணிவாசகப் பெருமான் வந்து உருகினார்?' என்று அவர் உள்ளம் ஐயுறும்.

அவரே மார்கழித் திருவாதிரைக்கு வருவாராயின் காட்சி வேறாகும். ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இந்நாட்டின் உயிர்மழை. மழை பொய்யாத ஆண்டில், மார்கழியில் கண்மாய்கள் கரை தழுவி நிற்கும். வயல்களில் நெல் பசுமை விரிக்கும். நீரிடை நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருந்த மரகத நடராசப் பெருமான் திருமேனி, காப்புக் களைந்து பச்சொளி வீசக் காட்சி தருவதும் அத்திருவாதிரைத் திருநாளிலேதான். பெருமான் தம் பசுமையை வெளிப்படுத்தும் நாளும், நிலம் தன் பசுமையை வெளிப்படுத்தும் நாளும் ஒன்றாக அமைந்த அருமையை நோக்குவார்க்கு அவ்வூர் ஒரு தனிப் பாடம் புகட்டும்.

'ஐயா, இவ்வூரில் மலை ஒன்றும் இல்லையே. இத்துணை நீர் எங்கிருந்து வந்தது?' என்று அவ்வடியார் கண்மாய்க் கரையில் நிற்கும் முதிய உழவரை வினவுவதாகக் கொள்க. 'சாமி, மானம் கொடுத்தது பாதி. எங்கள் பாட்டன் பூட்டன் சுமந்த மண் காத்தது பாதி' என்றே அவர் விடையிறுப்பார். அவ்விடையின் பொருளை விரித்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

இராமநாதபுரச் சீமைக்கு மலை இல்லை என்று சொல்லுதலும் முற்றும் பொருந்தாது. அதன் மலை நெடுந்தொலைவில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த வருசநாட்டு மலைகளிற் பிறக்கும் வையை, மதுரை நகரை வலம் கொண்டு, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயிலே வந்து அடங்குகின்றது. வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் மட்டுமே எஞ்சிய நீர் ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே கடலைச் சேரும். எம்பெருமானுக்கு நஞ்சு கொடுத்த கடலை வையை நெருங்க மறுத்தது என்று பழம்புலவர் ஒருவர் கற்பனை செய்து மகிழ்ந்தார். கற்பனை இனியது, அதனடியில் உள்ள உண்மை அதனினும் இனியது. வழியெங்கும் ஊர்தோறும் கால்கள் பிரித்துக் கண்மாய்களில் நிறைத்து, நீரை வீணாகாமல் உண்ணும் மக்கள் இருந்தமையின், கடலுக்குக் கொடுக்க ஆற்றினிடம் மிச்சம் இல்லை.

இவ்வாற்றின் நீர் பெருக வேண்டும் என்று முதலிற் கவலை கொண்டவர்களும் இச்சீமையினரே. சேதுபதி மன்னரின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை, மலைக்கு மேற்கே பாய்ந்து கடலிற் சேரும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாகுமா என்று 1789ஆம் ஆண்டிலேயே ஆராய முற்பட்டார். பெரும்பொருள் வேண்டியிருந்தமையின் அம்முயற்சி நின்றது. நூற்றாண்டு ஒன்று கடந்து, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் முயற்சியால் 1895ஆம் ஆண்டிற் பெரியாற்று அணை நிறைவுற்று, அந்நீர் வையையோடு கலந்தது. கடலோரத்தில் வாழ்ந்த ஓர் அமைச்சர் காணாத மலையின் நீரைக் கனவு கண்டார். அக்கனவு பின்வந்தோரால் நனவாயிற்று. தொடங்குவோர் ஒருவர், முடிப்போர் ஒருவராயினும் நீர்ப்பணி அழிவதில்லை.

வையை என்றவுடன் சைவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது மண் சுமந்த திருவிளையாடல் அன்றோ? அவ்வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் அதனுள் பொதிந்த நுட்பம் ஒன்றை ஈண்டு எடுத்துக் காட்டுதல் நலம். பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையிற் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார். மன்னன் அவரை வையை மணலில் நிறுத்தி ஒறுத்தான். அடியவர் துயர் பொறாத பெருமான் வையையிற் பெருவெள்ளம் வரச் செய்தார். கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்கினை அடைக்க வேண்டும் என்பது அரசாணை. பிட்டு விற்று வாழும் வந்தி என்னும் முதியவளுக்கு ஆள் ஒருவரும் இலர். அவளுக்காகக் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, கூடையில் மண் சுமந்து, பிரம்படியும் பட்டார் சோமசுந்தரப் பெருமான்.

இவ்வரலாற்றில் இரண்டு திருப்பணிகள் நிகழ்கின்றன. ஒன்று கோயில் எடுத்தல். மற்றொன்று கரை அடைத்தல். கோயிலை எடுத்தவர் அடியவர். கரையை அடைக்க வந்தவர் ஆண்டவர். கோயிற்பணியை அடியவர்க்கு விட்டு, மண் சுமக்கும் பணியை இறைவன் தன் தலைமேற் கொண்டான் என்றால், அப்பணி எத்துணை உயர்ந்தது என்பது சொல்லாமலே விளங்கும். அவன் மேற்பட்ட அடி எல்லா உயிர்கள் மேலும் பட்டது என்பர். கரை உடைந்தால் துன்பம் எல்லார்க்கும் உண்டு என்பது அதன் பொருளாகக் கொள்ளவும் இடம் உண்டு.

அவ்வாதவூரரே பின்னர்த் திருவுத்தரகோசமங்கையில் எழுந்தருளி, தம்மைக் கைவிடாது காக்குமாறு பெருமானை வேண்டி 'நீத்தல் விண்ணப்பம்' அருளிச் செய்தார். வையைக் கரையில் துயருற்ற அடியவர் அவ்வறண்ட சீமையிலே வந்து 'விட்டுவிடாதே' என்று அழுதார். இன்று அந்நாட்டுக் கண்மாய்களும் மக்களை நோக்கி அதே விண்ணப்பத்தைத் தான் செய்கின்றன என்று கூறுதல் மிகையாகாது.

திருத்தொண்டர் புராணத்திலும் இதற்குச் சான்று உண்டு. திருவாரூரிற் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவராய்த் தோன்றிய தண்டியடிகள், கோயிலை அடுத்த திருக்குளம் தூர்ந்து இடம் சுருங்கியதை உணர்ந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து கரையேறினார். அவர் கோபுரம் எடுத்தவர் அல்லர். பொற்கூரை வேய்ந்தவரும் அல்லர். குளத்தின் மண்ணை அள்ளியவர். அத்தொண்டே அவரை அறுபத்து மூவருள் ஒருவராக்கிற்று. கண்ணில்லாதார் ஒருவர்க்குக் குளம் தூர்ந்தது தெரிந்தது. கண்ணுடையார் பலர்க்கு இன்று அது தெரியாதிருத்தல் வியப்பே.

கண்மாய் என்பது வெறும் நீர்த்தேக்கம் அன்று. அஃது ஓர் ஒழுங்கு. நீரைக் கொண்டு வருவது வரத்துக்கால். தாங்குவது கரை. வயலுக்கு விடுவது மடை. மிகுந்ததை அடுத்த ஊருக்கு அனுப்புவது கலுங்கு. மேலூர்க் கலுங்கின் நீரே கீழூர்க் கண்மாய்க்கு வரத்தாகும். தன் வயிறு நிறைந்தபின் அடுத்தவர்க்கு ஈதல் என்னும் அறத்தைக் கல்லாலும் மண்ணாலும் கட்டி வைத்தனர் முன்னோர். குடிநீருக்கெனத் தனியே ஊருணி தோண்டினர். அதிற் கால் கழுவுதலும் கூடாது என வரையறுத்தனர். அறிவுடையான் பெற்ற செல்வத்திற்கு உவமை தேடிய வள்ளுவர், நீர் நிறைந்த ஊருணியையே எடுத்துக் காட்டினார் என்பதனைச் செல்வர்கள் நினைவிற் கொள்வாராக.

பாண்டியன் இராசசிங்கன் பெயர் தாங்கிய இராசசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய், தமிழகத்தின் மிகப் பெரிய கண்மாய்களுள் ஒன்று. அதற்கு 48 மடைகள். நாரையும் ஒரே மூச்சிற் பறந்து கடக்கவியலாத கண்மாய் என்று மக்கள் அதன் பரப்பினைப் புகழ்ந்து கூறுவர். இயந்திரம் இல்லாத காலத்தில் அக்கரையை எழுப்பியவை கூடைகளும் தலைகளுமே. மலையில்லா நாட்டில் அம்மக்கள் இரண்டு மலைகளை எழுப்பினர். ஒன்று வானோக்கி எழுந்த கோபுரம். மற்றொன்று நெடுந்தொலைவு கிடந்த கண்மாய்க் கரை. முன்னது வணங்குதற்கு, பின்னது வாழ்தற்கு. இரண்டும் ஒரே கைகள் செய்தவை.

இக்கண்மாய்களின் பெருமையை இன்று உலகமும் உணரத் தொடங்கியுள்ளது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய இரண்டும் 2022ஆம் ஆண்டிலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய இரண்டும் 2025ஆம் ஆண்டிலும் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக இராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பெற்றன. பயிருக்காக ஊரார் தேக்கிய நீரில் எங்கிருந்தோ வரும் பறவைகளும் பங்கு பெறுகின்றன. ஒருவர் செய்த அறம் அவர் அறியாத உயிர்க்கும் சென்று சேரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இக்கண்மாய்கள் பலவற்றின் இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதன்று. ஆண்டுதோறும் கோடையிற் குடிகள் ஒன்று கூடி மண்ணெடுத்துக் கரையிட்ட குடிமராமத்து வழக்கம் நலிந்தது. விறகுக்கென்று பரவிய சீமைக் கருவேலம் கண்மாய் வயிற்றையும் வரத்துக்கால்களையும் அடைத்துக் கொண்டது. 2017ஆம் ஆண்டிற் குடிமராமத்தினை அரசு திட்டமாக்கிப் புதுப்பித்தது, அது நற்செயலே. எனினும், தம் ஊர்க் கால்வாயைத் தாமே காத்துக் கொள்ளும் உணர்வு ஊராரிடம் இல்லையேல், எடுத்த மண் மறு ஆண்டே மீண்டும் வந்து படியும். திருக்கோயிற் குளங்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. படிக்கட்டு செப்பமாயிருக்கும், சுற்றிலும் கம்பி வேலி பொலியும், நீர் வரும் காலின்மேல் மட்டும் கட்டடம் எழுந்திருக்கும். தெப்பத் திருநாளுக்கு வண்டியில் நீர் வாங்கி ஊற்றும் ஊர்களும் உள. பெருமானைத் தெப்பத்தில் ஏற்றுகின்ற மக்கள், அத்தெப்பம் மிதக்க வேண்டிய நீருக்கு வழி அடைத்தல் தகுமா?

திருவுத்தரகோசமங்கையை வணங்கிய அவ்வடியார், பின் இராமேசுவரத்தை அடைகின்றார் எனக் கொள்க. அங்கே அவருக்கு ஒரு மலையும் கிடைக்கின்றது. கந்தமாதன பருவதம் என்பது அதன் பெயர். பெயரால் மலை, உருவால் மணல் மேடு. ஆயினும் அத்தீவில் அதனினும் உயர்ந்த இடம் பிறிதில்லை. இராமபிரான் திருவடிச் சுவடு விளங்கும் மண்டபத்தின் மேல் நின்று நோக்கினால், பனையும் தென்னையும் சூழ்ந்த ஊரும், வானளாவிய கோபுரமும், அவற்றைச் சூழ்ந்த கடலும் ஒருசேரத் தோன்றும். அப்பாலுள்ள தனுக்கோடியை 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் புயலும் கடலும் ஓரிரவில் அழித்தன. அங்கே கடலை ஒட்டிய மணலைக் கையாற் பறித்தால் இன்றும் நன்னீர் ஊறுகின்றது. அழித்த கடலின் அருகிலேயே அருளின் ஊற்றும் சுரக்கின்றது.

திருக்கோயிலினுள்ளே 22 தீர்த்தங்கள். உப்புக் கடல் சூழ்ந்த தீவில், கிணறு கிணறாக நீர் முகந்து தலையில் ஊற்ற, வடநாட்டாரும் தென்னாட்டாரும் வேறுபாடின்றி நனைந்து செல்கின்றனர். சேதுபதி மன்னர்கள் எடுத்த நெடும் பிராகாரத்தையும், ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்களையும் உலகம் வியக்கின்றது. ஆயினும் ஏழை அடியார் ஒருவர் ஊர் திரும்பிச் செல்லும்போது உடன் கொண்டு செல்வது தூணை அன்று. ஒரு செம்பு தீர்த்தத்தையே.

1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாற்கர சேதுபதியின் வரவேற்பினைப் பெற்று அத்திருக்கோயிலில் உரை நிகழ்த்திய விவேகானந்த அடிகள், எளியவரிடத்தே சிவத்தைக் காண்பதே வழிபாட்டின் முதிர்ச்சி என்னும் கருத்துப்பட விளக்கினார். எளியவர்க்கு முதலில் வேண்டுவது நீர். நீர் கொடுத்தார் உயிர் கொடுத்தார் ஆவர். திருநாவுக்கரசர் திருப்பெயராலே தண்ணீர்ப்பந்தல் அமைத்த அப்பூதியடிகள் இதனை அறிந்தே செய்தார்.

இனி, குடமுழுக்கு என்னும் இவ்விழாவின் பெயரையே நோக்குக. யாகசாலையில் இறைவன் முதலில் எழுந்தருளுவது கும்பத்து நீரில். அந்நீர் விமானத்தின்மேல் வார்க்கப்பெறும்போது தான் கலசம் கலசமாகின்றது, கல் கோயிலாகின்றது. கோபுரம் எத்துணை உயர்ந்ததாயினும் ஒரு குடம் நீருக்காகக் காத்து நிற்கின்றது. அந்நீர் எங்கோ ஒரு மலையிற் பிறந்து, யாரோ சுமந்த மண்ணால் தடுக்கப்பெற்று, ஒரு குளத்திற் கிடந்து, பின்னரே குடத்தினுள் வந்தது. குளத்தை மறந்து குடத்தை வணங்குதல், தாயை மறந்து பிள்ளையைப் பாராட்டுதல் போல்வதாம்.

திருப்பணிக்கு வாரி வழங்கிய செல்வர்களின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பெறும், அது முறையே. மண் சுமந்த பெருமான் தம் பெயரை எக்கல்லிலும் பொறிக்கவில்லை. இன்றிலிருந்து 48 நாள் மண்டல பூசை நடைபெறவுள்ளது. இராசசிங்கமங்கலக் கண்மாயின் மடைகளும் 48. அந்நாட்களுள் ஒரு நாளேனும், வழிபடவரும் ஒவ்வோர் அன்பரும் இத்தலத்துத் திருக்குளத்தினின்றோ அதன் வரத்துக்காலினின்றோ ஒரு கூடை மண் எடுத்துக் கரை சேர்ப்பாராயின், அதுவும் ஓர் அருச்சனையே ஆகும். முதியவர்க்காக இளைஞர் ஒரு கூடை சுமக்கலாம். வந்திக்கு அவ்வாறு சுமக்கவும் ஓர் ஆள் வந்தான் அல்லவா? இவ்வழக்கம் ஆண்டு நிறைவு விழாதோறும் தொடருமாயின், பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த குடமுழுக்கு வரும்போது, கும்பத்திற்கு வேண்டும் நீரை இக்குளமே வழங்கும்.

மலையும் ஏரியும் காண மக்கள் தொலைவிடம் செல்லட்டும்; அதிற் பிழையில்லை. மீண்டு வந்து தம் ஊர்க் கோபுரத்தையும் தம் ஊர்க் கண்மாயையும் காணும்போது, முன்னோர் தமக்காக எழுப்பி வைத்த மலையும் ஏரியும் இவையே என்று உணர்வாராக. உணர்ந்தபின் வெறுங்கையராய் நில்லாது, கூடை ஒன்றினைக் கையிற் கொள்வாராக. அக்கூடையைத் தலையில் ஏற்றும் போது, முன்னே ஒருவன் கூடையோடு செல்வதை அன்புக் கண் உடையார் காண்பர். பிட்டு உண்ட அவன் திருவருள் இவ்வூரார்க்கும் திருப்பணிச் செல்வர்க்கும் மழையாய்ப் பொழிக!

மேன்மைகொள் சைவம் தழைக்க! நீர்நிலை யாவும் நிறைக!

திருச்சிற்றம்பலம்